பன்ராட்டி அரண்மனை அல்ல: அயர்லாந்துப் பயணக் கட்டுரை எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பயண எழுத்தாளர்களுக்கு,

வணக்கம். நான் அயர்லாந்தின் லிமெரிக் நகரில் வேலை பார்க்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் பன்ராட்டி என்ற பழைய கட்டடத்துக்கு அழைத்துப்போகும் பொறுப்பு என் தலையில்தான் விழும். அதனாலேயே அந்த இடத்தைப் பற்றித் தமிழில் எது வந்தாலும் தேடிப் படிக்கிறேன். 'அரசர்கள் வாழ்ந்த அரண்மனை', 'அறுநூறு ஆண்டுகளாக அப்படியே நிற்கிறது' என்ற இரண்டு வரிகள் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகின்றன. இவற்றை விட்டுவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

முதலில் அரண்மனை. கோட்டை என்றால் நமக்கு நீண்ட மதிலும் அகழியும் உள்ளே ஓர் ஊரும் நினைவுக்கு வரும். அரண்மனை என்றால் தர்பார். பன்ராட்டி இரண்டிலும் சேராது. அது ஒரு குடும்பம் தனக்காகக் கட்டிக்கொண்ட வீடு. அகலத்தில் பரவாமல் உயரத்தில் அடுக்கப்பட்ட வீடு. 'கோபுர வீடு' என்று எழுதலாம். கோயில் கோபுரம் மனத்தில் எழுமே என்றால், ஒரு வரி விளக்கம் சேர்த்துக்கொள்ளுங்கள். அயர்லாந்தில் இவை ஆயிரக்கணக்கில் எழுந்தன. 1429-இல் டப்ளினைச் சுற்றிய நான்கு மாவட்டங்களில் இப்படிக் கட்டுவோருக்கு 10 பவுண்டு மானியம் தர ஆங்கில அரசு சட்டம் செய்தது. நீளம் 20 அடி, அகலம் 16 அடி, உயரம் 40 அடி இருந்தால் போதும். இந்த அளவில் எந்த அரசன் தர்பார் நடத்துவான்?

பன்ராட்டி அந்த அளவை எல்லாம் தாண்டியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். 1425 வாக்கில் மேற்கே கிளேர் மாவட்டத்தில் மக்னமாரா குடும்பம் கட்டியது. நான்கு மூலைகளிலும் நான்கு கோபுரங்கள். வடக்கிலும் தெற்கிலும் அவற்றை இணைக்கும் உயர்ந்த வளைவுகள். அரசர் என்பதிலும் பாதி உண்மை உண்டு. பின்னர் இதைக் கைக்கொண்ட ஓ'பிரையன்கள் தாமண்ட் நாட்டை ஆண்டவர்கள். ஆனால் 1543-இல் அவர்களின் தலைவர் அரச பட்டத்தை எட்டாம் ஹென்றியிடம் ஒப்படைத்துவிட்டு 'ஏர்ல்' என்ற ஆங்கிலேயப் பிரபுப் பட்டத்தை வாங்கிக்கொண்டார். மண்டபத்தையும் சிற்றாலயத்தையும் சுண்ணச்சாந்துப் பூவேலையால் அழகுபடுத்தியவர்கள் அந்த ஏர்ல்கள்தான்.

இத்தகைய வீடுகளில் எனக்கு மிகவும் பிடித்தது தளத்தைத் தாங்கும் கல் வளைகூரை. நீங்கள் யாரும் அதைப் பற்றி எழுதி நான் பார்த்ததில்லை. மெல்லிய குச்சிகளைப் பின்னித் தட்டி முடைவார்கள். அதைச் சாரத்தின்மேல் வளைத்து வைத்து, சுண்ணாம்புச் சாந்தைப் போட்டுக் கல்லை அடுக்குவார்கள். சாந்து இறுகியதும் சாரத்தைப் பிரித்துவிடுவார்கள். தட்டியின் பின்னல் சாந்தில் அப்படியே பதிந்துவிடும். அயர்லாந்தின் பல கோபுர வீடுகளில் அண்ணாந்து பார்த்தால் இன்றும் கூடை முடைந்த தடம் தெரியும். தட்டி முடைந்தவர் பெயர் எங்கும் இல்லை. அவர் கைவேலை மட்டும் தலைக்கு மேலே இருக்கிறது. வாசலில் நுழைபவர் தலைமேல் கல்லைப் போட வைத்த 'கொலைத் துளை'யைப் பற்றி எல்லாரும் பத்தி பத்தியாக எழுதுகிறீர்கள். எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை.

இனி, 'அப்படியே நிற்கிறது'. நிற்கவில்லை. அந்த இடத்தில் எழுந்த நான்காவது கட்டடம் இது. நார்மன் பிரபு தாமஸ் டி கிளேர் கட்டிய கல் கோட்டை, 1318-இல் டைசர்ட் ஓ'டே போரில் அவர் மகன் ரிச்சர்ட் டி கிளேர் மாண்டபின் அழிந்தது. இன்றுள்ள கட்டடமும் 1646-இல் முற்றுகையைக் கண்டது. அப்போது இங்கே இருந்தவர்களில் ஒருவர் வில்லியம் பென். பென்சில்வேனியாவை நிறுவியவரின் தந்தை. பிற்காலத்தில் உரிமையாளர்களான ஸ்டடர்ட் குடும்பத்தார் 1804-இல் அருகே புது வீடு கட்டிப் போய்விட்டார்கள். கொஞ்ச காலம் காவலர் குடியிருப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பெரிய மண்டபத்தின் கூரை விழுந்தது.

1950-களில் கார்ட் பிரபு இதை வாங்கினார். தொல்பொருள் அறிஞர் ஜான் ஹண்டும் அரசுப் பொதுப்பணித் துறையும் துணை நிற்க, இடிபாடு மீண்டும் வீடானது. 1960-இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். ஆக, மண்டபத்தில் அண்ணாந்து நீங்கள் படமெடுக்கும் மரக் கூரைக்கு என் அப்பாவின் வயதுதான். மேசைகளும் பெட்டிகளும் திரைச்சீலைகளும் உண்மையிலேயே பழையவை. ஆனால் கார்ட் பிரபு தேடிச் சேகரித்தவை.

இதைச் சொன்னால் வாசகர் ஏமாந்துபோவார் என்று ஒரு நண்பர் என்னிடம் வாதிட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கூரை விழுந்த ஒரு வீட்டை ஆய்ந்து, எது எங்கே இருந்திருக்கும் என்று யோசித்து எழுப்பியது நல்ல கதைதானே? 1963 முதல் நடக்கும் இடைக்கால விருந்தைப் பற்றி நீங்கள் எழுதும் இடத்தில் பாதியைக் கொடுத்தாலே இந்தக் கதை அடங்கிவிடும். அந்த விருந்தில் கையால் சாப்பிடுவதைப் பெரிய அனுபவமாகச் சொல்கிறார்கள். நம்மவர்கள் அதைப் படித்து வியக்க என்ன இருக்கிறது?

அடுத்த கட்டுரையில் மண்டபத்தின் படத்தைப் போட்டால், கீழே 'சுவர் பதினைந்தாம் நூற்றாண்டு, கூரை இருபதாம் நூற்றாண்டு' என்று ஒரு வரி சேருங்கள். வளைகூரையைப் படமெடுக்க டார்ச் விளக்கு ஒன்றும் கொண்டுவாருங்கள். உள்ளே வெளிச்சம் குறைவு.

இப்படிக்கு,
லிமெரிக்கிலிருந்து உங்கள் வாசகன்