சுந்தரத்துக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எனக்குப் பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் சௌக்கியம்.

கோர்ட்டுக்குப் போவதை நிறுத்தியபின் பொழுது எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தாய். கொஞ்ச நாளாக ஒரே மனிதரைப் பற்றித்தான் படிக்கிறேன். பிராங்க் ஜான்சன், அமெரிக்காவின் அலபாமாவில் ஃபெடரல் நீதிபதியாக இருந்தவர். 1955இல் அதிபர் ஐசனோவர் நியமித்து, பதவியேற்றபோது வயது 37. அடுத்த ஆண்டே அங்குள்ள மாண்ட்கோமரி நகரத்துப் பஸ் வழக்கு. மூவர் அமர்வில் இவரும் ரைவ்ஸ் என்ற நீதிபதியும் சேர்ந்து, பஸ்ஸில் கறுப்பர்களைத் தனியே உட்காரவைக்கும் சட்டம் செல்லாது என்றார்கள். மூன்றாமவர் உடன்படவில்லை. வெள்ளையர் பலர் இவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினார்கள். வீட்டு வாசலில் சிலுவையைக் கொளுத்தினார்கள். 1967இல் தாயார் வீட்டில் குண்டு வெடித்தது. நல்லவேளை, அந்த அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

1965இல் கறுப்பர்கள் ஓட்டுரிமை கேட்டு நடத்திய செல்மா ஊர்வலத்துக்கு அனுமதி கொடுத்தவரும் இவர்தான். அதைத் தடுத்த கவர்னர் வாலஸ், சட்டக் கல்லூரியில் இவரோடு படித்தவர்!

இதெல்லாம் நீயும் கேள்விப்பட்டிருப்பாய். என்னை உலுக்கியது வேறு வழக்கு. அதே அலபாமாவின் டஸ்கலூசா நகரில் பிரைஸ் மனநல மருத்துவமனை, ஐயாயிரம் நோயாளிகள். அதற்கு வந்துகொண்டிருந்த சிகரெட் வரி வருமானம் குறைந்ததால் ஊழியர்களை நீக்கினார்கள். வேலை போனவர்களோடு ஒரு நோயாளிப் பையன் பெயரிலும் வழக்கு வந்தது. ஜான்சனின் பார்வை வேலையைத் தாண்டி நோயாளிகள்மேல் விழுந்தது. ஒருவரைக் கட்டாயமாக அடைத்துவைத்தால் சிகிச்சை கொடுத்தே ஆகவேண்டும் என்று 1971இல் தீர்ப்பளித்தார். அதோடு விடவில்லை. ஓர் அறையில் ஆறு பேருக்கு மேல் கூடாது, எட்டுப் பேருக்கு ஒரு கழிப்பறை, இத்தனை பேருக்கு இத்தனை நர்ஸ் என்று 1972இல் அளந்து எழுதினார். பணமில்லை என்ற சாக்கை அவர் ஏற்கவில்லை. நாமும் எத்தனையோ நல்ல தீர்ப்புகள் வாங்கியிருக்கிறோம், சுந்தரம். பாதிக்கு மேல் காகிதத்தோடு நின்றுபோனது உனக்கே தெரியும். நிறைவேறியதா இல்லையா என்று எவரும் எண்ணிப் பார்த்துச் சொல்லும்படி எழுத இவருக்குத் தெரிந்திருந்தது.

அதிகாரிகள் எளிதில் வழிக்கு வரவில்லை. அந்த வழக்கு முடிய 2003 ஆயிற்று. ஜான்சன் 1999லேயே காலமாகிவிட்டார்.

உன் மகள் சிவில் ஜட்ஜ் தேர்வில் தேறிய சேதியைக் கடைசி வரியில் போய் எழுதியிருக்கிறாயே! எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அந்த 1972 உத்தரவை நகலெடுத்து வைத்திருக்கிறேன். பயிற்சிக்குக் கிளம்பும் முன் அவள் விலாசத்தை எழுது, தபாலில் அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
ராஜு