அம்மாவுக்குத் துணை நின்ற எல்லாருக்கும்

வணக்கம். கணையத்தின் தலைப்பகுதியில் புற்றுநோய் என்று தெரிந்த அம்மாவுக்கு விப்பிள் அறுவை சிகிச்சை முடிந்தது. மலேசியாவின் பட்டர்வொர்த்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். உடன் நின்ற அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

முதலில் அறுவை மருத்துவருக்கு. இந்த அறுவையில் கணையத்தின் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தக் குழாயின் ஒரு பகுதி, அவற்றைச் சுற்றியுள்ள நிணநீர்க் கணுக்கள் (புற்று பரவக்கூடிய சின்னச் சின்ன முடிச்சுகள்) எல்லாம் சேர்ந்து வெளியே வரும் என்றார். “இருக்கிற கணுவையெல்லாம் வழித்து எடுத்துடுங்க டாக்டர்” என்றார் மாமா. எங்கள் எல்லார் மனதிலும் அதுதான் இருந்தது. மருத்துவர் சலித்துக்கொள்ளவில்லை. தாளில் படம் வரைந்தே விளக்கினார். இதயத்திலிருந்து வரும் பெரிய ரத்தக்குழாயான பெருந்தமனியை ஒட்டிய கணுக்கள் வரை எடுத்து, வழக்கமான அறுவையோடு பல நாடுகளில் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டார்களாம். ஆயுள் கூடவில்லை, குடலுக்குப் போகும் நரம்புகள் அடிபட்டு வயிற்றுப்போக்குதான் மிஞ்சியதாம். எந்தெந்தக் கணுக்களை எடுப்பது என்று 2014இல் பன்னாட்டு நிபுணர் குழு ஒன்று வரையறுத்திருக்கிறது, அதையே பின்பற்றுவேன் என்றார். நிறைய வெட்டினால் நோய் போய்விடும் என்று நம்பிய எங்களுக்கு அந்த விளக்கம் பெரிய தெம்பு.

அப்புறம், வெட்டியெடுத்ததை ஆராய்ந்து சொல்லும், நோயாளிகள் கண்ணிலேயே படாத நோய்க்கூறியல் ஆய்வகத்தாருக்கு. கொழுப்புக்குள் பொடிப்பொடியாக ஒளிந்திருக்கும் கணுக்களைத் தேடி எடுப்பது அவர்கள்தான். குறைந்தது 12 கணுக்களையாவது பார்த்தால்தான் பரவலை நம்பிச் சொல்ல முடியுமாம். நாலைந்து மட்டும் பார்த்துவிட்டு ‘எதிலும் இல்லை’ என்றால் அந்த ஆறுதலை எப்படி நம்புவது? அம்மாவுக்கு 19 பார்த்தார்கள், 2இல் புற்று இருந்தது. புற்று இருக்கும் கணுக்கள் 3 வரை என்றால் ஒரு நிலை, 4 முதல் அடுத்த நிலை. கேட்டதும் வயிற்றைக் கலக்கியது உண்மைதான். ஆனால் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துவிட்டது.

வார்டு மிஸ்ஸிகள் (நர்ஸுகள்), ரத்தம் கொடுத்த தம்பிகள், பினாங்குப் பாலத்து நெரிசலிலும் முகம் சுளிக்காமல் கார் ஓட்டிய செல்வா அண்ணன், கஞ்சி கொடுத்தனுப்பிய பக்கத்து வீட்டு மாக்சிக் (மலாய் அம்மா), தண்ணீர்மலை முருகனுக்கு அர்ச்சனை செய்த அத்தைமார், எல்லாருக்கும் நன்றி.

அடுத்தது கீமோ. அம்மா கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சாப்பிடுகிறார், ஒவ்வொரு வேளையும் செரிமானத்துக்கான என்சைம் மாத்திரையோடு. சளி, காய்ச்சல் இருப்பவர்கள் ஃபோனிலேயே நலம் விசாரியுங்கள். மற்றவர்கள் தாராளமாக வரலாம், முறுக்கு டப்பா மட்டும் வேண்டாம். அதையெல்லாம் அப்பாதான் காலி செய்கிறார்.

அன்புடன்,
மகள்