சிலம்பும் எதிரொலியும்

திருகோணமலை

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் சுகம். கச்சான் காற்று தொடங்கிவிட்டது, பின்னேரமானால் வீடெல்லாம் மணல்தான். மகளுக்கு மட்டக்களப்புக்கு மாற்றம் வந்திருக்கிறது. அந்தக் கதையை நேரில் பேசுவோம்.

எதிரொலி என்றால் எதிர்க்கிற ஒலியா என்று உன் பேரன் கேட்டானாம். நல்ல கேள்வி. இல்லை என்று சொல்லு. ‘எதிர்’ என்றாலே இப்போது சண்டை வாடை அடிக்கிறது. ஆனால் விருந்தாளியை எதிர்கொள்ளும்போது சண்டைக்கா போகிறோம்? முன்னால் இருப்பது, நேரே வருவது, அதுதான் அந்தச் சொல்லின் அடி. எதிர்காலமும் எங்களை நோக்கி வருகிற காலம்தானே! போட்ட சத்தம் திரும்பி முகத்துக்கு நேரே வருவதால் எதிரொலி. தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் ‘மழை எதிரொலி, காய்கறி விலை உயர்வு’ என்று போட்டுப் போட்டு அதை விளைவு என்ற பொருளுக்கு இழுத்துவிட்டன. எனக்குப் பிடிக்காது, ஆனால் நிலைத்துவிட்டது.

எனக்கு இதைவிடச் சிலம்புதான் பிடிக்கும். சிலம்புதல் என்றால் ஒலித்தல், எதிரொலித்தல். சங்கப் பாட்டுகளில் மலைப்பிளவுகள் சிலம்பும். மலைக்கே சிலம்பு என்று ஒரு பேர் உண்டு, குறிஞ்சித் தலைவன் சிலம்பன். உள்ளே பரல் போட்ட காலணியும் சிலம்பு. அட, காலணி என்றால் நீ செருப்பு என்று நினைப்பாய், காலில் போடும் நகை. குரல் கொடுத்தால் திருப்பித் தருகிற இடம் என்றுதான் மலைக்கு அப்படிப் பேர் வைத்தார்களோ என்று எனக்கு ஒரு எண்ணம்.

எங்கள் கோணமலைப் பதிகத்தை எடுத்துப் பார். சம்பந்தர் முதல் அடியிலேயே ‘சிலம்பொலி’யை வைக்கிறார், நாலாம் அடியில் ‘குரைகடல்’ வந்துவிடுகிறது. அங்கே அது காற்சிலம்புதான். என்றாலும் கோணேசர் கோயிலில் நின்று கடல் இரைவதைக் கேட்டபடி பாடினால் மலைச்சிலம்பும் சேர்ந்தே காதில் விழும்.

பேரனுக்குக் கணக்கும் சொல்லிக்கொடு. ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் போகும். இரண்டு சத்தத்தைக் காது பிரித்தறியப் பத்தில் ஒரு செக்கனாவது வேண்டும். போய்வர 34 மீற்றர், ஆகவே பாறை 17 மீற்றருக்குக் குறையாமல் தள்ளி நிற்கவேண்டும். கோயிலடியில் இருக்கிற பாறைப் பிளவான இராவணன் வெட்டின் மேலே நின்று கடலைப் பார்த்துக் கத்திப் பயனில்லை, எதிரே வெறும் வெளி. கீழே வள்ளத்தில் போய்ப் பாறையைப் பார்த்துக் கத்தவேண்டும்.

ஓகஸ்ட் விடுமுறைக்கு அவனைக் கூட்டிக்கொண்டு வா. வள்ளத்துக்கு ஆள் இருக்கிறது. வரும்போது பினாட்டு மறக்காதே.

அன்புடன்,
உன் மச்சான்