காலைத் தட்டில் இருக்கிறது கணக்கு

அன்பு மகளுக்கு,

கொலாஜன் பொடி வாங்கலாமா என்று கேட்டு, டப்பாவைப் படமெடுத்தும் அனுப்பியிருந்தாய். வாட்ஸ்அப்பில் பதில் போட்டால் பாதிதான் படிப்பாய், அதனால்தான் கடிதம்.

வாங்காதே. கொலாஜனும் ஒரு புரதம்தான். வயிற்றுக்குள் போனதும் மற்றப் புரதங்களைப்போல அதுவும் உடைந்துவிடும், நேராகப் போய்க் கன்னத்தில் ஒட்டிக்கொள்ளாது. டிரிப்டோபன் என்ற அமினோ அமிலம் அதில் அறவே கிடையாது என்பதால் தசை கட்டவும் அதை மட்டும் நம்ப முடியாது. உடம்பு தானே கொலாஜன் நெய்துகொள்ளும், அதற்கு வைட்டமின் சி வேண்டும். ஒரு நாளைக்குத் தேவையான வைட்டமின் சி ஒரே ஒரு கொய்யாப்பழத்தில் தாராளமாக இருக்கிறது. டப்பாவின் விலைக்கு எத்தனை கிலோ கொய்யா வரும் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள்.

நாற்பத்தொரு வயதில் நீ பார்க்க வேண்டியது முகத்தை அல்ல, தொடையை. முப்பதைத் தாண்டினாலே பத்தாண்டுக்கு 3 முதல் 8 விழுக்காடு வரை தசை கரைகிறது. அறுபதுக்குமேல் இன்னும் வேகம். எடை பார்க்கும் கருவி இதைக் காட்டிக்கொடுக்காது, ஏனென்றால் தசை போன இடத்தில் கொழுப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும். 58 கிலோ 58 கிலோவாகவே இருக்கும். தையல் நாடாவை எடுத்து இடுப்பைச் சுற்றி அளந்து பார். ஆசியப் பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90. அதைத் தாண்டினால் எடை எவ்வளவு அழகாக இருந்தாலும் உள்ளே கணக்கு மாறிவிட்டது என்று பொருள்.

தசை குறைந்தால் தள்ளாமை மட்டும் வரும் என்று நினைக்காதே. சோறு சர்க்கரையாக மாறி ரத்தத்தில் இறங்கும்போது அதில் பெரும்பங்கை வாங்கி வைக்கும் கிடங்கு தசைதான். கிடங்கு சுருங்கினால் சர்க்கரை ரத்தத்திலேயே சுற்றிக்கொண்டு கண்ட புரதத்திலெல்லாம் ஒட்டும். மருந்தகத்தில் எடுக்கும் எச்பிஏ1சி பரிசோதனை இந்த ஒட்டுதலைத்தான் அளக்கிறது, சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரை எவ்வளவு என்று. சிவப்பணுவுக்கு ஆயுள் சுமார் 120 நாள், அதோடு அந்த ஒட்டும் போய்விடும். தோலில் உள்ள கொலாஜன் அப்படியல்ல. அதில் பாதி மாறவே ஏறக்குறைய 15 ஆண்டு ஆகும். அதன்மேல் ஒட்டிய சர்க்கரை இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து விறைப்பாக்குகிறது. ரத்தக்குழாயிலும் கண்ணின் வில்லையிலும் இதே கதைதான். இங்கே சிங்கப்பூரில் இந்தியர்களுக்குச் சீனர்களைவிட நீரிழிவு அதிகம் என்பது உனக்குத் தெரியாததல்ல, ஆகவே இதை யாருக்கோ சொன்னதாக எடுத்துக்கொள்ளாதே.

சரி, உன் தட்டுக்கு வருவோம். காலையில் இரண்டு தோசை, அதற்கு 6 கிராம் புரதம். ஒரு கரண்டி சாம்பாருக்கு 2, 3 கிராம். தேத்தண்ணீரில் ஊற்றும் பாலில் ஒன்றிரண்டு. கூட்டினால் பத்தைத் தாண்டுவதே பெரும்பாடு. மதியம் சோறும் காயும் ரசமும், இன்னொரு பத்து. இரவில் கோழிக்கறி, அதில் மட்டும் 35. மொத்தமாகப் பார்த்தால் உன் எடைக்கு ஏறக்குறைய சரி, கிலோவுக்கு ஒரு கிராம் வீதம் 58 வேண்டும். ஆனால் மாவுச்சத்தையும் கொழுப்பையும் சேமித்து வைப்பதுபோல் புரதத்தை உடம்பு சேமித்து வைப்பதில்லை. இரவில் கொட்டினால் காலையில் விட்ட பாக்கி அடையாது. வேளைக்கு இருபதாகப் பிரித்துச் சாப்பிடு. அத்தைக்கு வேளைக்கு 25 முதல் 30 வேண்டும், முதுமையில் தசை சிறிய அளவுக்கு அசைந்து கொடுக்காது.

காலையைச் சரிசெய்ய இரண்டு முட்டை போதும், அதில் 12 கிராம். முட்டை வேண்டாத நாளில் அடை செய். ஒரு குவளை அரிசிக்குக் கடலைப்பருப்பும் துவரம்பருப்பும் அரை அரைக் குவளை, உளுந்து கால் குவளை. மூன்று மணி நேரம் ஊறினால் போதும். கொரகொரப்பாக அரை, மையாக அரைத்தால் கல்லில் ஒட்டிக்கொண்டு பிசுபிசுக்கும். புளிக்க வைக்கத் தேவையில்லை. நம்மூர் வெக்கையில் ராத்திரி முழுக்க மேடையில் வைத்தாயானால் காலையில் வாடை வந்துவிடும், அரைத்த கையோடு குளிர்பெட்டியில் வை. மாவு கெட்டி என்பதால் ஓரம் சிவந்தும் நடு வேகாமல் இருக்கும். நடுவில் ஒரு ஓட்டை போட்டு அதில் நாலு சொட்டு எண்ணெய் விட்டு மூடி வை. இந்த அளவுக்குப் பன்னிரண்டு அடை வரும், ஒன்றில் கிட்டத்தட்ட 6 கிராம். அதே இரண்டு எண்ணிக்கைக்குத் தோசையைப்போல் இரு மடங்கு. மதியத்துக்கு 100 கிராம் தௌக்வாவை (கெட்டி டோஃபு) வாட்டியோ தெம்பேயை (புளிக்க வைத்த சோயாக் கட்டி) புரட்டியோ சேர்த்துக்கொள், இருபதை நெருங்கிவிடும்.

சாப்பிடும் வரிசையையும் மாற்று. காயும் புரதமும் முதலில், சோறு கடைசியில். அதே சோறு, அதே அளவு, ஆனால் சர்க்கரை ஏறும் உயரம் குறையும். ரசஞ்சோற்றில் தொடங்கும் வழக்கத்துக்கு இது கொஞ்சம் சங்கடம்தான்.

தேத்தண்ணீரைப் பற்றிச் சொன்னால் முகம் சுளிப்பாய். கெட்டிப்பாலில் பாதிக்குமேல் சர்க்கரை. ஒரு மேசைக்கரண்டியிலேயே 11 கிராம். உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது என்கிறது, உன்னுடைய மூன்று தே அதைத் தாண்டிவிடும். ஒரே நாளில் சர்க்கரையே இல்லாத கோசோங்குக்குத் தாவினால் மூன்றாம் நாள் பழைய இடத்துக்கே வந்து நிற்பாய். முதல் இரண்டு வாரம் இனிப்பைக் குறைத்த தே சியூ தாய், அடுத்த இரண்டு வாரம் கெட்டிப்பாலுக்குப் பதில் இனிப்பில்லாத ஆவிப்பால் ஊற்றி, சர்க்கரையும் குறைத்த தே சி சியூ தாய், பிறகு ஆவிப்பால் மட்டும் ஊற்றிய தே சி கோசோங். போத்தல் பானமென்றால் அதன்மேல் போட்டிருக்கும் நியூட்ரி-கிரேட் தர எழுத்தைப் பார், ஏ என்றால் 100 மில்லிலிட்டரில் ஒரு கிராமுக்குமேல் சர்க்கரை இல்லை, டி என்றால் பெரும்பாலும் பத்துக்குமேல். இன்னொன்று, சாப்பாட்டோடு தே குடிக்காதே. அதன் துவர்ப்பு கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பைப் பிடித்துக்கொள்ளும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடி.

எலும்புக்கு இப்போதே சேர்த்து வை, மாதவிடாய் நின்றபின் கரைவதுதான் வேகமாக இருக்கும். 50 வயது வரை நாளுக்கு 800 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து, அதற்குமேல் 1,000. ஒரு குவளைப் பாலில் 300 கிடைக்கும். இக்கான் பிலிஸை (நெத்திலிக் கருவாடு) முள்ளோடு சாப்பிட்டால்தான் பயன். உப்பு அதிகம் என்பதால் பத்து நிமிடம் நீரில் ஊறப்போட்டு, அந்த நீரைக் கொட்டிவிட்டு வறு.

பட்டினி கிடந்தால் இளமை நீளும் என்று உன் அலுவலகத் தோழி சொன்னதில் அரை உண்மை இருக்கிறது. அமெரிக்காவில் கேலரி (CALERIE) என்ற இரண்டாண்டு ஆய்வில், உணவைக் கால்பங்கு குறைக்கச் சொன்னவர்களால் சராசரியாக 12 விழுக்காடுதான் குறைக்க முடிந்தது. முதுமையின் வேகம் 2, 3 விழுக்காடு தணிந்ததாக 2023இல் கணக்கிட்டார்கள். அவர்களின் தசையும் எலும்பின் அடர்த்தியும்கூடச் சற்றுக் குறைந்தன. இடுப்பு 80க்குள் இருந்தால் உனக்கு அது நட்டக் கணக்கு. அத்தையிடம் இந்தப் பேச்சையே எடுக்காதே.

அத்தைக்கு இரவுக் கஞ்சியும் ஊறுகாயும் போதாது. ஒரு கிண்ணக் கஞ்சியில் புரதம் 3 கிராம்கூடத் தேறாது. கொதிக்கும்போதே இரண்டு முட்டையை அடித்து ஊற்றிக் கிளறு, பின் வறுத்துப் பொடித்த இக்கான் பிலிஸ் இரண்டு மேசைக்கரண்டி தூவு. உப்பு போடாதே, ஊறுகாயும் வேண்டாம். நீரிழிவுக்கான மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகளாகச் சாப்பிடுகிறார் அல்லவா? அது வைட்டமின் பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கும், வயதானாலும் அந்த உறிஞ்சல் குறையும். பாதம் மரத்துப்போவதைச் சர்க்கரையின் மேல் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள், அடுத்த முறை பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) பி12 அளவைப் பார்க்கச் சொல். சிறுநீரக அறிக்கையையும் அப்போதே கேள். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் மேலே சொன்ன புரத அளவு அவருக்குப் பொருந்தாது, மருத்துவர் சொல்லும் அளவுதான்.

கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லி நேரம் பார். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் தசை தளர்ந்திருக்கலாம் என்று ஆசிய வல்லுநர்கள் 2019இல் வரையறுத்தார்கள். பக்கத்தில் நின்றுகொள், விழுந்துவிடப் போகிறார். நீயும் செய்து பார். சாப்பிட்ட புரதம் வேலை கொடுத்தால்தான் தசையாகும், ஆகவே உன் புளோக்கில் மூன்று மாடியாவது படியேறு.

சனிக்கிழமை வரும்போது தேக்கா ஈரச்சந்தையில் அரைக் கிலோ கெம்போங் மீன் வாங்கி வா. குடலை மட்டும் எடுக்கச் சொல், தலை இருக்கட்டும். முருங்கைக்கீரை பழுக்காமல் இருந்தால் இரண்டு கட்டு.

அன்புடன்,
அம்மா