மரத்தூளில் சர்க்கரை மட்டுமா இருக்கிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மர அறுவை ஆலைக் கழிவிலிருந்து சர்க்கரை எடுத்து வேதிப்பொருள்கள் தயாரிப்பது பற்றித் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். பெட்ரோலியத்துக்கு மாற்றாக மரத்தூளைக் காட்டியது சரியே. ஆனால் அதை யாருக்கும் வேண்டாத குப்பை என்றும், இந்தத் தொழில்நுட்பத்தை நேற்று முளைத்தது என்றும் எழுதியிருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. செங்கோட்டையில் ஓர் அறுவை மில்லில் பல ஆண்டுகள் கணக்கு எழுதியவன் நான்.

கந்தக அமிலத்தைக் கொண்டு மரநாரைச் சர்க்கரையாக்கலாம் என்பதை பிரெஞ்சு வேதியியலாளர் பிராகோனோ 1819ஆம் ஆண்டிலேயே காட்டிவிட்டார். அமெரிக்காவின் தென் கரோலினாவில் உள்ள ஜார்ஜ்டவுனில், 1910இல், அறுவை ஆலைக் கழிவிலிருந்து இப்படிச் சர்க்கரை எடுத்து, அதை நொதிக்கவைத்து எரிசாராயம் காய்ச்சும் தொழிற்சாலையே தொடங்கப்பட்டது. பின்னர் லூசியானாவில் இன்னொன்றும் வந்தது. இரண்டும் நாளொன்றுக்கு 5,000 காலனுக்கு மேல் எடுத்தும் நிலைக்கவில்லை, ஏனெனில் முதல் உலகப் போருக்குப் பின் மரம் அறுப்பது குறைந்து தூள் வரத்தும் குறைந்தது. பிறர் கழிவை நம்பி நிற்கும் தொழிலுக்கு உள்ள இந்த அபாயத்தைக் கட்டுரை தொடவே இல்லை.

அதைவிட முக்கியமான விடுபடல் லிக்னின். மரத்தின் உலர் எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு, நார்களை ஒட்டி இறுக்கிப் பிடிக்கும் இந்தப் பொருள்தான். சர்க்கரையை மட்டும் எடுத்துக்கொண்டு இதைக் கொதிகலனில் எரித்துவிட்டால் கணக்கு பெரும்பாலும் நட்டத்தில்தான் முடியும் என்பது என் எண்ணம். நார்வேயின் சார்ப்ஸ்போர்க் நகரில் உள்ள பொரேகார்ட் ஆலை ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் பெரும்பகுதியை வீணாக்காமல், செல்லுலோஸ் எனப்படும் மரநாரைத் தனியாக விற்று, 1938 முதல் எரிசாராயமும் 1962 முதல் லிக்னினிலிருந்து, வெனிலா மணத்தைத் தரும் வெனிலினும் தயாரித்து வருகிறது. கான்கிரீட்டில் தண்ணீரைக் குறைக்கச் சேர்க்கும் கலவைக்கும் அங்கிருந்து லிக்னின் போகிறது. கடைகளில் விற்கும் வெனிலா எசென்ஸில் பெரும்பகுதி பெட்ரோலிய மூலத்திலிருந்து வருவது என்பதை நினைத்தால், இதன் அருமை புரியும்.

ஆனால் அதே பாடத்தை நம் ஊரில் அப்படியே ஒப்பிக்க முடியாது. ஸ்புரூஸ், பைன் போன்ற ஊசியிலை மரங்களின் லிக்னினில் வெனிலின் நன்றாகக் கிடைக்கும். வேம்பு, வாகை, தேக்கு போன்றவற்றில் வேறொரு சேர்மமும் கலந்து வருவதால் பிரிப்பதற்குக் கூடுதல் செலவாகும். எங்கள் மில்லில் ஒரே நாளில் நாலைந்து வகை மரங்கள் அறுபடும், தூள் எல்லாம் ஒரே குவியலில்தான் விழும். பச்சை மரத்தூளின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர் என்பதால், லாரி வாடகை கொடுப்பவர் தண்ணீருக்கும் சேர்த்தே கொடுக்க வேண்டும். பிளைவுட் அறுத்த தூள் பசையோடு வருவதால் அதைத் தனியே ஒதுக்குவது இன்னொரு வேலை.

மேலும், இந்தத் தூளுக்கு ஏற்கெனவே ஆள் உண்டு. டீக்கடை மரத்தூள் அடுப்பு இப்போது அரிதாகிவிட்டாலும், கோழிப்பண்ணைக்காரரும் செங்கல் சூளைக்காரரும் ஊதுபத்தி செய்பவரும் மூட்டை மூட்டையாக வாங்கிப் போகிறார்கள். புதிய ஆலை இவர்கள் தருவதைவிட எவ்வளவு கூடுதலாகத் தரும் என்பதைத் தங்கள் கட்டுரையாளர் அடுத்த இதழில் எழுதினால் நன்றாயிருக்கும். அது தெரியாமல் எங்கள் மில் முதலாளி ஒரு மூட்டையைக்கூட லாரியில் ஏற்றமாட்டார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
செங்கோட்டை