சுண்ணாம்பு போடும் முன் மண்ணைக் கேளுங்கள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இந்த வாரம் பிள்ளைகள் பள்ளி விட்டு வந்ததும் மம்பட்டியைத் தேடினால் திட்ட வேண்டாம். ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை அவரவர் வீட்டுத் தோட்டத்து மண்ணைக் கொஞ்சம் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். ஐப்பசி மழைக்கு முன்னால் செடி வைக்கும் வீடுகள் நம் ஊரில் நிறைய இருப்பதால், அமிலம், காரம் பாடத்தை இந்த முறை மண்ணிலேயே நடத்தலாம் என்று நினைக்கிறோம்.

இதற்குக் காரணம் பள்ளித் தோட்டத்தில் நான் செய்த தவறு. புது வகுப்பறையின் சுவரோரம் வைத்த கறிவேப்பிலையும் ரோஜாவும் வெளுத்துக்கொண்டே வந்தன. மண் புளித்துப் போயிருக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, சுண்ணாம்புத் தூளும் அடுப்புச் சாம்பலும் போடச் சொன்னேன். அதன் பிறகு செடிகள் இன்னும் மோசமாயின. பிள்ளைகள் தினமும் தண்ணீர் சுமந்து ஊற்றி வளர்த்த செடிகள் அவை, எனக்கு மிகவும் வருத்தமாகப் போனது. பின்னர்தான் அந்த மண்ணைச் சோதித்தோம். கட்டடம் கட்டியபோது கொட்டிய சிமெண்ட் கலவையும் காரைத் துண்டுகளும் அரை அடி ஆழம் வரை கலந்து கிடந்தன. ஏற்கெனவே காரமாக இருந்த மண்ணில்தான் நான் மேலும் காரத்தைச் சேர்த்திருக்கிறேன்.

‘மண் புளிப்பாக இருக்கும், சுண்ணாம்பு போடுங்கள்’ என்ற யோசனை மழை கொட்டும் ஊர்களுக்குப் பொருந்தும். ஓயாத மழை மண்ணில் உள்ள சுண்ணாம்புச் சத்தைக் கரைத்துக்கொண்டு போய்விடும். நம் மாஞ்சோலை மலையில் தேயிலை வளர்ந்ததும் அதனால்தான், தேயிலைக்குப் புளித்த மண் வேண்டும். கீழே சமவெளியில் கதையே வேறு. தாழையூத்துப் பக்கம் பூமியிலிருந்து சுண்ணாம்புக்கல்லை வெட்டித்தான் சிமெண்ட் செய்கிறார்கள். மானூர், சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசலைத் தோண்டினால் வெள்ளைக் குருணைகள் கிடைக்கும், அவையும் சுண்ணாம்புதான். செவல் மண் இடத்துக்கு இடம் மாறும். எனவே பக்கத்து வீட்டுக்காரருக்குப் பலித்தது உங்கள் வீட்டிலும் பலிக்கும் என்று சொல்ல முடியாது.

புளிப்புக்குச் சுண்ணாம்பு எதிரி என்பது நம் பனங்காட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிந்த விஷயம். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் புளித்துக் கள். இதை வைத்தே வகுப்பில் பிஎச் அளவைத் தொடங்கினோம். டென்மார்க்கைச் சேர்ந்த சோரன்சன் 1909-இல் வகுத்த அளவு அது. 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஒரு எண் மாறினால் புளிப்பு பத்து மடங்கு மாறுகிறது என்பதைப் பிள்ளைகள் மறக்கக் கூடாது. பெரும்பாலான காய்கறிகளுக்கு 6 முதல் 7.5 வரை சௌகரியம்.

மண் எடுப்பதில்தான் பலர் தவறுகிறார்கள், இதை மட்டும் பக்கத்தில் நின்று பாருங்கள். சுவரோரம், எருக்குழி, பாத்திரம் கழுவும் இடம் ஆகியவற்றை விட்டுவிட்டு ஐந்தாறு இடங்களில் அரை அடிக்குக் குழி வெட்ட வேண்டும். குழியின் பக்கச் சுவரை மேலிருந்து கீழ்வரை சீவி எடுத்து, எல்லாவற்றையும் கலந்து, நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் போட வேண்டாம். சுவரோரத்தில்தான் செடி இருக்கிறது என்றால் அந்த மண்ணைத் தனிப் பொட்டலமாகக் கட்டுங்கள்.

வீட்டிலேயே பார்க்க எளிய வழி உண்டு. உலர்ந்த மண் ஒரு கரண்டியில் நாலைந்து சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு நிறைய இருக்கிறது, அந்த மண்ணுக்கு இனிமேல் சுண்ணாம்பும் வேண்டாம், சாம்பலும் வேண்டாம். பொங்கவில்லை என்பதாலேயே மண் புளிப்பு என்று முடிவு கட்டிவிட முடியாது. அதற்குச் செம்பருத்திப் பூ இருக்கிறது. இதழ்களை வெந்நீரில் ஊறப்போட்டுச் சாயம் எடுங்கள். ஒரு பங்கு மண்ணை இரண்டு பங்கு மழைத் தண்ணீரில் கலக்கி, அரை மணி நேரம் தெளியவிட்டுத் துணியில் வடிகட்டுங்கள். வடிநீரில் சாயத்தைச் சொட்டினால் அமிலத்துக்கு அடர்ந்த இளஞ்சிவப்பு, காரத்துக்குப் பச்சை. போர் தண்ணீர் கூடாது. அதன் உப்பே நிறத்தை மாற்றிவிடும். பூவின் நிறம் திசையைத்தான் காட்டும், எண்ணைச் சொல்லாது. எண் தெரிய பள்ளியில் பிஎச் தாள் வைத்திருக்கிறோம்.

அப்புறம், வெளுத்த செடியைப் பற்றி. பழைய இலை முதலில் மஞ்சளானால் பெரும்பாலும் தழைச்சத்துக் குறை. புதுத் துளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச் சத்து ஏறவில்லை என்று பொருள். கார மண்ணில் இரும்பு இருந்தாலும் வேர் எடுக்க முடியாமல் பூட்டிக்கொள்ளும். துருப்பிடித்த ஆணியைப் புதைத்துப் பயனில்லை. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதியை, அதாவது இரும்பு சல்பேட் உப்பைக் கரைத்து, கரைத்த உடனே, சாயங்காலம் இலையில் தெளிக்க வேண்டும். அன்னபேதியும் சுண்ணாம்பும் பெரியவர்கள் கையில் மட்டுமே இருக்கட்டும். ஒன்று வயிற்றுக்குள் போனால் ஆபத்து, மற்றது கண்ணில் பட்டால் ஆபத்து.

சுண்ணாம்பு மிகுந்த மண்ணை முழுக்க மாற்ற முடியாது. கந்தகம் போடச் சொல்வார்கள், ஆனால் நுரைக்கும் மண்ணில் அது சுண்ணாம்போடு போராடியே தீர்ந்துவிடும். மக்கிய எருவும் கொழிஞ்சித் தழையும் வருடா வருடம் சேர்ப்பதுதான் நான் நம்பும் வழி. கூரையில் விழும் மழையைப் பிடித்துத் தொட்டிச் செடிகளுக்கு ஊற்றுங்கள். ரோஜாவுக்குப் புது மண் நிரப்பிய தொட்டியே நல்லது. எங்கள் கறிவேப்பிலையை இரண்டடிக்குத் தோண்டி, காரைத் துண்டுகளை அள்ளிவிட்டுத்தான் மறுபடி வைத்திருக்கிறோம். சோதனையில் புளிப்பு என்று தெளிவாக வந்தால் மட்டும் சுண்ணாம்பு போடலாம், அதையும் கொஞ்சமாக.

வயல் வைத்திருப்பவர்கள் பூச்சாயத்தோடு நிறுத்த வேண்டாம். வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்துக்கு அரைக் கிலோ மண் கொடுத்து, உப்பின் அளவையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

திங்கள்கிழமை ஒவ்வொரு பிள்ளையும் இரண்டு கைப்பிடி உலர்ந்த மண்ணைத் துணிப்பையில் கொண்டு வர வேண்டும். எந்த இடத்து மண், அங்கே என்ன செடி, என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வையுங்கள். வீட்டில் ஆச்சியோ தாத்தாவோ அந்த இடம் முன்பு களமாக இருந்ததா, தொழுவமாக இருந்ததா என்று சொன்னால் அதையும் எழுதுங்கள். செம்பருத்தி பூக்கும் வீட்டிலிருந்து பத்துப் பூக்கள் கிடைத்தால் போதும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்