துளை போடாதே, கண்ணு

அன்புள்ள கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "அப்பா, அந்த வின்செஸ்டர் 52 துப்பாக்கியில் குறிபார்க்கப் புது ஸ்கோப் போட ரசீவரில், குழலுக்குப் பின்னால் இருக்கிற எஃகு உடம்பில், ரெண்டு துளை போட்டால் போதும், இங்கே ஒரு பட்டறையில் செய்து தருகிறார்கள்" என்றாய். "யோசித்துச் சொல்கிறேன்" என்று வைத்துவிட்டேன். யோசிக்க ஒன்றும் இல்லை. சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது, அதைப் போனில் சொல்லத் தெரியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

துளை போடாதே. துப்பாக்கி இனி உன்னுடையது, கொடுத்துவிட்டேன், உன் இஷ்டம்தான். ஆனாலும் கேட்டுக்கொள்கிறேன், துளை மட்டும் வேண்டாம்.

நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது அலமாரியில் நீளமான ஒரு துப்பாக்கி இருந்தது நினைவிருக்கிறதா? உன்னை ஒரு தடவைகூடத் தொட விடாதது. அதுவும் வின்செஸ்டர் 52தான், 1920களில் செய்தது. நான் ஒஹாயோ வந்து நாலைந்து வருஷத்தில், சேர்த்துவைத்த பணத்தில் முதன்முதலில் வாங்கிய பழைய துப்பாக்கி. அதற்கு நவீன ஸ்கோப் போட ஆசைப்பட்டேன். வேறு யாரிடமும் கொடுக்கவில்லை, நானே துளைத்தேன். கோயமுத்தூரில் லேத்தில் கை பழகியவன், டூல்ரூமில் வேலை பார்த்தவன். மையம் பார்த்து, துளைக்கு வழிகாட்டும் ஜிக் செய்து, மரை போட்டு, அரை தவ்கூடப் பிசகாமல் முடித்தேன். தவ் என்றால் தெரியுமல்லவா, அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அவ்வளவு சுத்தமான வேலை. பெருமையாக கிளப்புக்கு எடுத்துப்போனேன். அங்கே இருந்த பெரியவர் ஒருவர் வாங்கிப் பார்த்தார். துளைகளின் மேல் கட்டைவிரலை வைத்து ஒரு தடவு தடவினார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெட்டியில் வைத்து மூடி என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். எழுபது வருஷம் பலபேர் கையில் அப்படியே இருந்துவந்த பொருள், என் கையில் வந்துதான் மாறியது என்று எனக்கு அன்று ராத்திரிதான் உறைத்தது. வேலை நன்றாக இருந்தது என்பது ஆறுதலாகவே இல்லை. உலோகத்தில் எடுத்ததைத் திருப்பி வைக்க முடியாது, கண்ணு. வெல்டிங் வைத்து அடைத்தாலும் நிறம் காட்டிக்கொடுத்துவிடும்.

உனக்கு வரப்போவது அதைவிட நல்ல நிலையில் உள்ளது. ரசீவரில் எண்ணுக்குப் பின்னால் B என்ற எழுத்து இருக்கும், பார். 52-ஐ முதலில் வெளியே காட்டியது 1919-ல், நியூ ஜெர்சியில் கால்ட்வெல் என்ற இடத்தில் நடந்த தேசியப் போட்டியில். அடுத்த வருஷம் விற்பனைக்கு வந்தது. அப்புறம் சின்னச் சின்னதாகத் திருத்தி A, B, C, D என்று எழுத்துப் போட்டுக்கொண்டே போனார்கள். 1980 வாக்கில் நிறுத்தும்வரை மொத்தம் ஒன்றேகால் லட்சம் அளவுக்குச் செய்திருக்கிறார்கள். B என்பது 1935 முதல் யுத்தம் முடிந்த சமயம்வரை வந்தது. எனக்கு அதுதான் எல்லாவற்றிலும் அழகு. தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட்டைத் தூக்கி இழுத்துப் பார், எண்ணெயில் ஓடுவது போல வரும். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில், வின்செஸ்டர் ஆலை இருந்த நியூ ஹேவனில் யாரோ ஒரு ஃபிட்டர் கையால் தேய்த்துப் பொருத்தியது.

சரி, ஸ்கோப்புக்கு வருகிறேன். உன் கஷ்டம் எனக்குப் புரிகிறது. இந்தத் துப்பாக்கிக்கு மேலே இரண்டு சின்ன எஃகுக் கட்டைகள் ஏற்கெனவே இருக்கின்றன. இன்றைய குட்டையான ஸ்கோப்பை அதில் மாட்டினால் அது ரொம்ப முன்னால் போய்விடுகிறது, கண்ணுக்கு எட்டுவதில்லை. அதனால்தான் பட்டறைக்காரர் பின்னால் துளை கேட்கிறார். ஆனால் அந்தக் கட்டைகள் குட்டை ஸ்கோப்புக்காக வைத்தவை இல்லை. அந்தக் காலத்து டார்கெட் ஸ்கோப் இரண்டடி நீளம், ஒல்லியான குழாய். பின்பக்கம் போல்ட்டுக்கு மேலேயே நீண்டு வந்து உன் கண்ணுக்கு முன்னால் நிற்கும். கோளாறு துப்பாக்கியில் இல்லை, அதற்குச் சேராத ஸ்கோப்பில் இருக்கிறது.

ஆகவே அந்த மாதிரி நீள ஸ்கோப்பான என் யூனெர்ட்லையும் உனக்கே அனுப்புகிறேன். பிட்ஸ்பர்க்கில் செய்தது. ஜான் யூனெர்ட்ல் முதலில் ஃபெக்கர் என்ற ஸ்கோப் செய்பவரிடம் வேலை பார்த்துவிட்டுத் தனியாகத் தொடங்கியவர். லைமன், ஃபெக்கர், யூனெர்ட்ல் மூன்றையும் வைத்துப் பார்த்திருக்கிறேன், இதுதான் என் கண்ணுக்கு ஒத்துவந்தது.

இது வேலை செய்யும் விதம் உனக்குப் புதிதாக இருக்கும். இன்றைய ஸ்கோப்பில் குமிழைத் திருப்பினால் உள்ளே குறுக்குக்கோடு நகரும். இதில் உள்ளே எதுவும் நகராது, குழாய் முழுவதுமே நகரும். குழாயைத் தாங்கும் பின் மவுண்டில் மைக்ரோமீட்டர் போல இரண்டு குமிழ்கள், ஒன்று மேலே கீழே, இன்னொன்று பக்கவாட்டில். எதிர்ப்பக்கம் ஒரு ஸ்பிரிங் குழாயை அவற்றின்மேல் அழுத்திக்கொண்டிருக்கும். ஒரு கிளிக்குக்குக் குழாயின் பின்பக்கம் அரை தவ் நகர்கிறது. கட்டைகளுக்கு நடுவே 7.2 அங்குலம் இருந்தால் அந்த அரை தவ் கோணத்தில் ஏறக்குறைய கால் நிமிஷம் (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்குதான் நிமிஷம்), அதாவது 50 கெஜத்தில் அரைக்கால் அங்குலம், எட்டில் ஒரு பங்கு. அந்த 7.2 யாரோ குத்துமதிப்பாக வைத்த எண் இல்லை, கிளிக் கணக்கு சுத்தமாக வரவேண்டும் என்று வைத்தது. கட்டையை நீ இடம் மாற்றினால் கணக்கு மாறிவிடும். இதை முதன்முதலில் தாளில் போட்டுப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. தச்சுப் பட்டறையில் உன் தாத்தா வாயில் எப்போதும் கிடந்த அரைக்கால், இங்கே ஏரிக்கரையில் ஒரு துப்பாக்கி மேல் வந்து உட்கார்ந்திருக்கிறது.

லேத்தில் பேக்லாஷ் என்போம், திருகில் இருக்கும் ஆட்டம். இந்தக் குமிழிலும் கொஞ்சம் உண்டு. குறைக்க வேண்டியிருந்தாலும் கூடுதலாகச் சில கிளிக் கீழே போய்விட்டு, திரும்ப மேலே வந்து நிறுத்து. எப்போதும் ஒரே பக்கமாகத் திருப்பி முடி. குண்டு தாறுமாறாகப் போகிறது என்று பழைய ஸ்கோப்பைத் திட்டுகிறவர்களில் பாதிப் பேர் இதைச் செய்யாதவர்கள்தான் என்பது என் எண்ணம்.

அடுத்தது பாரலாக்ஸ், கண் நகர்ந்தால் குறுக்குக்கோடும் இலக்கின்மேல் நகர்வது போலத் தெரிவது. துப்பாக்கியை மணல் பைமேல் வைத்துவிட்டு, தொடாமல், தலையை மட்டும் இடமும் வலமும் அசைத்துப் பார். குறுக்குக்கோடு இலக்கின்மேல் நடந்தால் முன் லென்ஸ் வளையத்தைத் திருப்பு. நடை நிற்கும் இடம்தான் சரி. வளையத்தில் தூரக் குறிகள் இருக்கும், அவற்றை ஒரு ஆரம்பமாக மட்டும் வைத்துக்கொள், கடைசியில் உன் கண் சொல்வதைக் கேள். காட்டு வேட்டைக்கான ஸ்கோப்பை நூறு கெஜத்துக்கு வைத்து அனுப்புவார்கள். அதை நம் 50 அடி ரேஞ்சில் வைத்தால் என்ன ஆகும் என்று நீயே ஊகித்துக்கொள்.

லென்ஸைக் கழற்றாதே. ஒட்டவைத்த பசை வயதாகி ஓரத்தில் மங்கலாகத் தெரிந்தால் எனக்குச் சொல், பழக்கப்பட்டவரிடம் கொடுக்கலாம். உள்ளே இருக்கும் கோடு தலைமுடியைவிட மெல்லிசு. அந்தக் காலத்துச் சில ஸ்கோப்புகளில் சிலந்தி நூலையே இழுத்துக் கட்டியிருக்கிறார்கள், விரல் பட்டால் போச்சு.

இனிமேல் நீயாகவும் வாங்கப்போகிறாய் என்று அம்மா சொன்னாள். சந்தோஷம். வாங்கும்போது மரத்தின் பளபளப்பைப் பார்த்து மயங்காதே. முதலில் குழலின் வாய். ஓரத்தில் சின்னக் கீறல் இருந்தாலும் குண்டு வெளியேறும் நொடியில் காற்று ஒரு பக்கமாகப் பிய்த்துக்கொண்டு போகும். முன்பக்கமிருந்து கம்பி விட்டுத் துடைத்தவர்கள் செய்த பாவம் அது. நீ எப்போதும் பின்பக்கமிருந்தே துடை. அப்புறம் உள்ளே விளக்கு விட்டுப் பார். 1920களின் பிற்பகுதிக்கு முன்னால் தோட்டாவின் பற்றுமருந்து உப்பாகப் படிந்து குழலை அரித்துவிடும், அந்தக் காலத்துத் துப்பாக்கிகளில் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள் இருக்கும். மூன்றாவது, தோட்டா உட்காரும் அறையின் விளிம்பு. நம் தோட்டாவில் பற்றுமருந்து நடுவில் இல்லை, அடிவிளிம்புக்குள் இருக்கிறது, அதனால்தான் ரிம்ஃபயர். ஊசி அந்த விளிம்பை அடிக்கும். தோட்டா இல்லாமல் ட்ரிகரை இழுத்தால் சில துப்பாக்கிகளில் ஊசி நேராக இரும்பையே குத்தி, அறை ஓரத்தில் பள்ளம் விழுந்துவிடும். விளையாட்டுக்குக்கூட அப்படி இழுக்காதே. கடைசியாக, யாராவது துளை போட்டிருக்கிறார்களா என்று பார். போட்டிருந்தால் என்னை நினைத்துக்கொள்.

தோட்டாவில் கஞ்சம் பிடிக்காதே. 40 கிரெய்ன் எடையுள்ள குண்டு, ஒலியின் வேகத்துக்குக் கீழே போகிற, போட்டிக்கான மேட்ச் ரகம். ஒரே கம்பெனியிலேயே நாலைந்து லாட், அதாவது வெவ்வேறு தடவை செய்த தொகுதிகள், வாங்கி, ஒவ்வொன்றிலும் ஐந்தைந்தாகச் சுட்டுப் பார். இந்தத் துப்பாக்கிக்கு எது பிடிக்கிறது என்று அதுவே சொல்லும். எனக்குப் பிடித்த லாட் உன் ஊர்க் குளிரில் அதற்குப் பிடிக்காமல் போகலாம்.

நீ பன்னிரண்டு வயதில் கிளப்புக்கு வரமாட்டேன் என்று அழுததும், "பொம்பளைப் பிள்ளை யாருமே இல்லை அங்கே" என்றதும் ஞாபகம் இருக்கிறது. அன்று காரில் அமெரிக்கத் துப்பாக்கி வீராங்கனை மார்கரெட் மர்டாக் கதை சொன்னேன். 1976, மான்ட்ரியால் ஒலிம்பிக், படுத்தும் மண்டியிட்டும் நின்றும் சுடும் மூன்று நிலை ரைஃபிள் போட்டி, ஆணும் பெண்ணும் ஒன்றாகச் சுட்ட காலம். அவரும் சக அமெரிக்க வீரர் லேனி பாஷமும் 1162 புள்ளி, சமம். விதிப்படி தங்கம் பாஷமுக்குப் போனது. மேடையில் பாஷம் கைகொடுத்து அவரைத் தன் படிக்கே ஏற்றிக்கொண்டார். நீ ஒன்றும் பேசவில்லை, ரேஞ்சில் இறங்கும்போது பெட்டியை நீயே தூக்கிக்கொண்டாய். 2024-ல் பாரிஸில் ஸ்வப்னில் குசாலே அதே 50 மீட்டர் மூன்று நிலையில் வெண்கலம் வாங்கியபோது விடியற்காலையில் எனக்குப் போன் போட்டுக் கத்தினாயே, அப்போது அந்தப் பெட்டிதான் எனக்கு ஞாபகம் வந்தது. அவ்வளவு தூரத்தில் பத்துப் புள்ளி வட்டம் 10.4 மில்லிமீட்டர்தான், ஒரு பட்டாணி.

அனுப்புவது பற்றி. நான் ஒரு மாநிலம், நீ ஒரு மாநிலம் என்பதால் அப்பன் மகளுக்குக்கூட நேரே கொடுக்கச் சட்டம் இல்லை. உன் ஊரில் உரிமம் உள்ள கடைக்காரரிடம் பேசி, அவர் லைசென்ஸ் நகலை எனக்கு அனுப்பச் சொல். அவர் பெயருக்கே அனுப்புகிறேன், நீ படிவம் எழுதிக்கொடுத்து வாங்கிக்கொள். ஸ்கோப் தனிப் பெட்டியில் உன் வீட்டுக்கே வரும். மவுண்ட் திருகுகள் பழைய மாத்திரை டப்பாவில் இருக்கின்றன, மூடியில் எழுதி ஒட்டியிருக்கிறேன். முன் திருகும் பின் திருகும் ஒரே நீளம் இல்லை, மாற்றிப் போடாதே.

ஆயுதபூஜைக்கு அம்மா ஸ்பேனர், துடைக்கும் கம்பி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாள். துப்பாக்கியின் மரக்கட்டையில், ஸ்டாக்கில் மட்டும் வைக்க விடவில்லை, மரத்தில் குங்குமம் இறங்கிவிடும். பெட்டி மேல் வைத்திருக்கிறாள், துடைத்துவிடாதே.

முதல் நாள் சுட்டதும் ஐந்து குண்டு விழுந்த தாளை அனுப்பு. நன்றாக வந்ததைப் பொறுக்கி எடுத்து அல்ல, முதல் தாளையே.

அப்பா